பதினோரு நொடி

முக்காலியை நடும் இடம் எனக்கு மனப்பாடம்:
சர்க்கரை பீட்ரூட் வயல் முடிந்து சரளைச் சாலை ஏறும் முனையில்,
சிக்னல் கம்பத்துக்கு முப்பது தப்படி தள்ளி,
காற்று முதுகில் அடிக்கும்படி.
வடக்கு டகோட்டாவில் காற்றுக்கு முதுகு காட்டாதவன்
படமா எடுக்கிறான், இரைச்சலை அள்ளிக்கொண்டு போகிறான்.

பகலெல்லாம் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறேன்.
ஓரின் ஸ்ட்ராண்ட் என்றால்
“அந்த ரயில் பைத்தியமா?” என்பார்கள்.
எந்த எஞ்சின், எத்தனை பெட்டி என்று கேட்பார்கள்.

நான் ரயிலுக்காக நிற்பதில்லை.
ரயிலுக்கு முன்னால் வரும் கொஞ்ச நேரத்துக்காக.
இரண்டு சிவப்பு விளக்குகள்,
ஒன்று கண்மூட ஒன்று விழிக்கும்.
வெறும் வாணலியைக் கரண்டியால் தட்டுவதுபோல் மணி.
வரிக்கம்பு தயங்கித் தயங்கி இறங்கி
நுனியில் இரண்டு தரம் துள்ளி அடங்கும்.

விளக்கு விழித்ததிலிருந்து எஞ்சின் சாலையைத் தொடும்வரை
இருபது நொடிக்குக் குறையக்கூடாது என்பது விதி.
இந்தக் கேட் இருபத்தேழு தரும்.
போன அறுவடை முழுக்க இருபத்தேழு.
ஒரே ஒரு நாள் இருபத்தெட்டு;
அது ஓட்டுநரின் நிதானம்.

கோடையில் இங்கே ரயில் கிடையாது.
கிழங்கு பருக்கும்வரை தண்டவாளம் சும்மா கிடக்கும்.
வெட்டுக்கிளிகள் உட்கார்ந்து சூடு காயும்.

அக்டோபரின் முதல் சரக்கு வண்டி.
செவ்வாய், பிற்பகல் மூன்று நாற்பது.
பதிவு ஓடுகிறது.
சட்டகத்தின் இடது ஓரத்தில் மார்லிஸின் மஞ்சள் பள்ளிப் பேருந்து.

பள்ளிப் பேருந்து கேட்டில் நின்றே ஆகவேண்டும்,
விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும்.
நின்று, கதவைத் திறந்து, காது கொடுக்க வேண்டும்.
அந்தக் கதவு ‘புஸ்’ஸென்று திறப்பதை
ஐந்து வருடமாக என் படங்களிலிருந்து
வெட்டி எறிந்துகொண்டிருந்தேன்.

அன்று திறந்தது.
மூடவில்லை.

விளக்குகள் கறுப்பு. மணிக்கு வாய் இல்லை.
வரிக்கம்பு வானத்தைப் பார்த்தபடி.
காதில் ஹெட்ஃபோனோடு நான் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டிருந்தேன்.
மார்லிஸ் தலையைச் சாய்த்தாள்,
அடுத்த அறையில் குழந்தை விழித்துவிட்டதா
என்று கேட்பவள்போல்.

பிறகுதான் ஹாரன்.
அதற்கும் பிறகு, ஏதோ நினைவு வந்ததுபோல், சிவப்பு.
பதினோரு நொடி.
கம்பு படுத்து முடிப்பதற்குள்
எஞ்சின் சாலைமேல்.

கம்பத்தில் ஒரு நீலப் பலகை, அதில் ஒரு தொலைபேசி எண்.
அழைத்தேன்.
“ஆபத்தில் இருக்கிறீர்களா?”
இல்லை, பதினாறு நொடி குறைகிறது, என்றேன்.
அந்தப் பக்கம் மௌனம்.
“எதில்?”

இருட்டுவதற்குள் சிக்னல்காரர் கிளெம் பெலாஞ்சர் வந்தார்.
குனிந்து தண்டவாளத்தை விரலால் தேய்த்துக் காட்டினார்.
செம்பழுப்புத் தூள்.
“சக்கரம் இந்த இரும்பையும் அந்த இரும்பையும் சேர்த்துத் தொட்டால்தான்
மின்சாரம் குறுக்கே போகும்,
பெட்டிக்குள் இருப்பதற்கு ரயில் வருவது தெரியும்.
நாலு மாதத் துரு. நடுவில் உட்கார்ந்துகொண்டு
விடமாட்டேன் என்கிறது.”

அதாவது, அத்தனை டன் எஞ்சின் மேலே ஏறியும்
இரும்புக்கு உறைக்கவில்லை.

இரவு படத்தைப் போட்டுப் பார்த்தேன்.
ரயில் நன்றாக விழுந்திருக்கிறது, பொய் சொல்லக்கூடாது:
எஞ்சின் மூக்கில் சாய்ந்த வெயில்,
பெட்டிகளிலிருந்து உதிரும் மண்கூட.
ஆனால் திரும்பத் திரும்ப ஓட்டியது
அதற்கு முந்திய, ஒன்றுமே நடக்காத துண்டை.
திறந்த கதவு.
பின் ஜன்னலில் ஒரு பையன்
கண்ணாடியில் மூக்கை அமுக்கி
எனக்கு நாக்கு நீட்டுகிறான்.

வெள்ளிக்கிழமை டீசல் போடும் இடத்தில் மார்லிஸைப் பார்த்தேன்.
துரு, மின்சாரம், பதினாறு நொடி, எல்லாம் சொன்னேன்.
குழாயைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டாள்.
“ரயில் சத்தம் எனக்கும்தான் கேட்கவில்லை.
வாய்க்கால் கோரையில் கத்திக்கொண்டிருந்த கருங்குருவிகள்
சட்டென்று நிறுத்தின. அவ்வளவுதான்.”
பிறகு, “படத்தில் என் தலைமுடி எப்படி?”

சகிக்கவில்லை, என்றேன்.

திங்களன்று சீவி முடித்து வந்திருந்தாள்.
விளக்கு இருபத்தேழு நொடி எரிந்தது.
கதவை நான் வெட்டவில்லை.