உள்ளழைப்பு

லியெபாயாவில் காற்று கதவைத் தட்டுவதில்லை,
நேரே உள்ளே வந்துவிடும்.
ஏணியும் டிரில்லுமாய் நான் நுழைந்தபோது
அதுவும் கூடவே நுழைந்தது:
ஜன்னல் கண்ணாடி வெட்டிப் பொருத்தும் சின்ன நிறுவனம்.
மூன்று அறை, பின்னால் ஒரு பட்டறை,
இரண்டு முதலாளிகள்.

நான்கு தொலைபேசிகள், ஒரு ஸ்விட்ச்,
உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி.
இதுதான் இனி ஆபீசின் காது என்றேன்.
மிர்ட்ஸா சிரிக்கவில்லை.
"காதுக்கு இங்கே குறைச்சலில்லை" என்றாள்,
ஒரு காகிதத் துண்டை மடித்துக்கொண்டே.

துளை போட இடம் பார்த்தபோது புரிந்தது.
இந்துலிஸ் அறைக்கும் ஓயார்ஸ் அறைக்கும் நடுவே
ஒற்றைச் செங்கல் சுவர்.
அண்ணன் தும்மினால் தம்பிக்குக் கேட்கும்.
ஒன்பது வருடமாய்ப் பேச்சுவார்த்தை இல்லை.
விலைப்பட்டியல், விடுப்பு, லாரிச் சாவி எங்கே என்பது வரை
மிர்ட்ஸாவின் கைவழியே
நாலாய் மடிந்து போகும், நாலாய் மடிந்து வரும்.
என்ன சண்டை என்று நான் கேட்கவில்லை.
"ஒரு படகு" என்றாள் அவளாகவே.
"அதுவும் ஓட்டைப் படகு."

பதினோரு மணிக்கு முதல் சிக்கல்.
வெளியிலிருந்து அழைப்பு வந்தால்
எந்த மேசை முதலில் ஒலிப்பது?
என்னுடையது, நான் மூத்தவன் என்றார் ஒருவர்.
என்னுடையது, வேலை பிடித்து வருகிறவன் நான் என்றார் மற்றவர்,
தனியாக, கதவைச் சாத்திவிட்டு.
திரையில் ஒரு கட்டம்; அதில் ஒன்று, இரண்டு, மூன்று.
யாரை மேலே போட்டாலும் குற்றம்.
'எல்லாம் ஒரே சமயத்தில்' என்பதைத் தேர்ந்தேன்.
எடுப்பவருக்கு அழைப்பு,
மற்றது வாயை மூடிக்கொள்ளும்.

எண்ணிலும் அதே கதை.
நூற்றொன்றை மிர்ட்ஸாவுக்குக் கொடுத்தேன்.
கடல் பக்கம் இருக்கும் மேசைக்குச் சின்ன எண்,
இயந்திரம் அப்படித்தான் கேட்கிறது என்று
கூசாமல் பொய் சொன்னேன்.
இந்துலிஸ் நூற்றிரண்டு. ஓயார்ஸ் நூற்று மூன்று.
உள்ளழைப்புக்கு நீளமாய் ஒற்றை மணி,
வெளியழைப்புக்குக் குட்டையாய் இரட்டை.

மிர்ட்ஸா தபாலாபீஸ் போயிருந்தாள்.
அவள் மேசைக் கேபிளில் ஒரு கம்பி இடம் மாறிக் கிடந்தது,
என் தப்புதான்.
பட்டறைத் தொலைபேசி இன்னும் பிளாஸ்டிக் உறையில்.
சோதித்துப் பார்க்க மிஞ்சியவை இரண்டே.

"நூற்று மூன்றை அழுத்துங்கள்" என்றேன்.
இந்துலிஸ் என்னைப் பார்த்தார்.
பட்டனைப் பார்த்தார்.
சுவருக்கு அப்பால் மணி.
ஐந்து முறை.
ஆறாவதில்,
"ம்."
"ம். கேட்குதா?"
"கேட்குது. எதிரொலிக்குது."

அது எதிரொலி இல்லை.
சுவர்வழிக் குரல் முந்திக்கொள்ள
கம்பிவழிக் குரல் ஒரு நூலிழை பிந்தி வருகிறது.
அதைத் திருத்த எந்த மெனுவிலும் வழியில்லை.
"பார்க்கிறேன், வைத்துவிடாதீர்கள்" என்று
மேசைக்கடியில் குனிந்தேன்.

"லாரி பிரேக் கிரீச்சிடுது."
"தெரியும்."
"ஆறு மில்லி கண்ணாடி?"
"வியாழக்கிழமை."
"உனக்குக் குரல் தடிச்சுப்போச்சு."
அதற்குப் பதில் இல்லை. இருமல் மட்டும்,
இரண்டு தடவை கேட்டது.

பதிவேட்டில்: நூற்றிரண்டிலிருந்து நூற்று மூன்றுக்கு,
நாற்பத்தோரு விநாடி.

திரும்பி வந்த மிர்ட்ஸாவுக்கு
வாய்ஸ்மெயில் வேண்டாம், கான்ஃபரன்ஸ் வேண்டாம்.
"தொந்தரவு செய்யாதே என்று ஒரு பட்டன் உண்டாமே?"
காட்டினேன். அழுத்தினாள்.
சிவப்பு விளக்கின் முன்னால் உட்கார்ந்து
எள் தூவிய ரொட்டியைப் பிட்டுத் தின்ன ஆரம்பித்தாள்.

என் பில்லில் இரண்டு கையெழுத்து வேண்டும்.
இந்துலிஸ் போட்டார், பழக்கத்தில் நாலாய் மடித்தார்,
கையை நீட்டினார்.
மிர்ட்ஸா மெல்லுவதை நிறுத்தவில்லை.

காசு பிறகு வரட்டும் என்று வெளியே வந்து
வண்டிமேல் ஏணியைக் கட்டினேன்.
உள்ளே நீளமாய் ஒற்றை மணி.
மூன்றாவதில் நின்றது.
எடுத்தாரா, வைத்தாரா
என்று சொல்லும் விளக்கு
தெருப்பக்கம் இல்லை.