பன்னிரண்டு புள்ளி நான்கு

கார்த்திகை தீபம் முடிந்த மறுநாளே
தளி ரோட்டில் பனி இறங்கிவிடும்.
ரோஜாப் பண்ணை வேன் விடிகாலை மூன்றரைக்கு வந்து ஆரன் அடிக்கும்.
பிப்ரவரி பதினான்கு தாண்டும்வரை
ஞாயிறு ஒன்றுதான் எனக்குப் பகல்.
அதனால் வண்டியைப் படுக்கப் போட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷத்து ஓப்பல் கோர்ஸா, பாசிப் பச்சை.
பழசு என்று யாரும் கல்யாண ஊர்வலத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்,
புதுசு என்றால் ஆர்டிஓ ஆபீஸில் சிரிப்பார்கள்.
இடைப்பட்ட வயது. எனக்கும் அதுதான்.

வீட்டிலிருந்து இரண்டு வயல் தள்ளி
பட்டுப்புழு வளர்த்த கொட்டகை, வாடகை அறுநூறு.
டேங்க் முட்டப் பெட்ரோல், உள்ளே ஈரம் கோக்காதிருக்க.
டயருக்கு முப்பத்தெட்டு.
ஹேண்ட்பிரேக் போடவில்லை, குளிரில் ஒட்டிக்கொள்ளும்;
சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல்.
பானட்டுக்குள் எலிக்குப் புகையிலைக் காம்பு,
பானட்டின் மேல் பனிக்குக் கம்பளி.

தேன்கனிக்கோட்டை பேட்டரிக் கடை இம்தியாஸ் சொன்னார்:
"மைனஸை மொதல்ல கழட்டுங்க, கடைசியில மாட்டுங்க.
அவ்ளோதான் மேடம், மூணு மாசம் நிம்மதி."

கழற்றவில்லை.
கரண்ட் அறுந்தால் ரேடியோ நாலு இலக்க எண் கேட்கும்.
எண் எழுதிய அட்டை
எனக்கு வண்டி விற்ற பேங்க் மேனேஜரோடு
நாக்பூருக்கு மாற்றலாகிப் போய்விட்டது.
கிடக்கட்டும், கடிகாரமும் ரேடியோவும்
தூக்கத்தில் எவ்வளவு குடித்துவிடும்?

முதல் ஞாயிறு மீட்டரில் பன்னிரண்டு புள்ளி ஆறு.
அடுத்த ஞாயிறும் ஆறு.
அதற்கடுத்து நான்கு.
மார்கழி பாதியில்
ஒன்று.

டிக்கி விளக்கைச் சந்தேகப்பட்டேன்.
செல்போனை வீடியோவில் ஓடவிட்டு உள்ளே வைத்து
மூடித் திறந்தேன்.
இருட்டு மட்டும் பதிவாகியிருந்தது,
அப்பழுக்கில்லாத இருட்டு.
ஃப்யூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன்.
எதன் மேலும் குற்றமில்லை.

சரி, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம் என்று
உட்கார்ந்தேன்.
கிளட்ச் எட்டவில்லை.

காலை நீட்டினேன். நுனி விரல்தான் தொட்டது.
சீட் மூன்று பல் பின்னால் போயிருந்தது.
ஆஷ்ட்ரேயில் நிலக்கடலைத் தோல்.
பிளேயரில் ஒரு கேசட், என்னுடையது இல்லை.

மாதேஷ் ஆறடி.
இரவு ஒன்பதே முக்காலுக்கு யூனிஃபார்ம் போட்டு
டிபன் பாக்ஸோடு ஓசூர் ஷிப்டுக்குக் கிளம்புகிறான்.
நான் வேனில் ஏறிப் போன பிறகு திரும்புகிறான்.
கம்பெனி பஸ் நம் திருப்பத்தில் நிற்பதில்லையே என்று
பால்காரர் கேட்டபோது
ரூட் மாற்றியிருப்பார்கள் என்றேன்.
சம்பளம் ஒன்றாம் தேதியே வந்தது,
ரொக்கமாக, புது ரப்பர் பேண்ட் போட்டு.

டிபன் பாக்ஸ் மட்டும் தினமும் காலியாக வருகிறது.

திங்கட்கிழமை பண்ணையில் அரை நாள் லீவு சொல்லி
இம்தியாஸிடம் ஒரு சார்ஜர் வாங்கினேன்.
ராத்திரி பகல் மாட்டியே வைக்கலாமாம்,
நிறைந்தால் தானே அடங்கும், குறைந்தால் தானே ஊட்டும்.
"எங்க மேடம் போகுது கரண்டு?" என்றார்.
பழைய வண்டிதானே என்றேன்.

கிணற்று மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்தேன்.
டெர்மினலைச் சுரண்டி வாசலின் தடவி
பிளஸில் சிவப்பு, மைனஸில் கறுப்பு.
பொட்டளவு பச்சை விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது.

பானட்டின் மேல் கிடந்த கம்பளியை உதறி
உள்ளே போட்டேன்.

கதவைச் சாத்தும்முன்
சீட்டின் அடியில் கை விட்டு லீவரைத் தொட்டேன்.
முன்னுக்கு இழுக்கவில்லை.