எண்பத்திரண்டு வீதம்

நீதிமன்றத்துக்கு எதிரே
என் போட்டோகொப்பிக் கடை.
ஒரு சட்டத்தையும் நான் முழுதாக வாசித்ததில்லை.
பக்கம் நாற்பத்தொன்று தெரியும், நாற்பத்திரண்டு தெரியாது.
'ஆயினும்' என்று முடிகிற பக்கங்களே
எனக்கு அதிகம் வாய்த்தவை.
அந்த ஆயினுமுக்குப் பிறகு என்ன நடந்ததென்று
பதினோரு வருடமாய் ஒருவரும் சொல்லவில்லை.

கட்டளைச்சட்டம் என்றால் கனம்.
கண்ணாடியில் கவிழ்த்து
முதுகை உள்ளங்கையால் அழுத்த
பழைய பசை நெரிபடும்.
அப்புக்காத்தின் கிளார்க் நவரட்ணராசாவின் பெருவிரல்
எத்தனையோ வழக்குகளில்
பக்க ஓரத்தில் கறுப்பாய் விழுந்து கிடக்கிறது.
எந்த நீதவானும் அந்த விரலைக் கூண்டில் ஏற்றியதில்லை.

பிழைத்துப்போன தாள்களை வாசலில் போடுவேன்.
பொழுதுபட்டால் கோட்டைப் பக்கமிருந்து மான்கள் வரும்.
வர்த்தமானியின் முதலாம் அட்டவணை முழுவதையும்
ஒரு கொம்பன் நின்ற நிலையில் தின்றான்.
மூன்று மொழியில் இருந்தது.
மை குறைந்த பக்கமாய்ப் பார்த்துத் தொடங்கினான்.

போன செவ்வாய் நூலகத்திலிருந்து நஸ்லியா வந்தாள்,
நெஞ்சோடு ஒரு புத்தகம், பின்னால் ஒரு மனிதர்.
'உசாத்துணை' என்று சிவப்பு முத்திரை;
வெளியே போக அனுமதியில்லை,
அதனால் காவலுக்கு அவளும்.
மறியல்காரனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்த ஜெயிலர் மாதிரி
அட்டையில் ஒரு கை வைத்தபடியே நின்றாள்.

மாவட்டத்துக் குளங்களின் கணக்கு அது.
யாரோ ஒரு துரை குதிரையில் போய் எழுதியது.
அணை எத்தனை அடி, வரி எவ்வளவு,
மாடு எத்தனை, ஆள் எத்தனை.
மாட்டுக்கு முழு எண்.
ஆளுக்கு 'ஏறக்குறைய'.

பூபாலரட்ணம் என்றார் பெயர்.
நொச்சியடிக்குளம் என்றார் ஊர்.
"காணிக் கந்தோரில அப்படி ஒரு ஊரே இல்லையாம்,"
பல்வலியைச் சொல்வதுபோல் சொன்னார்.

பக்கம் இருநூற்றுப் பதினாறு. எடுத்தேன்.
தாளை வாங்கிப் பார்த்து,
"இதிலயும் இல்லையே தங்கச்சி" என்றார்.
துரையின் புத்தகம் பெரிசு, என் தாள் சிறிசு.
ஊர் இருந்தது அடிக்குறிப்பில்.
மெஷின் சரியாக அந்த இடத்தில் வெட்டியிருந்தது.

மேலே தள்ளினேன். ஊர் வந்தது, தலைப்புப் போனது.
"தலைப்பில்லாட்டி எந்தப் புத்தகம் எண்டு கேப்பாங்க" என்றாள் நஸ்லியா.
சரித்து வைத்தேன். ஆண்டு போனது.
மூன்று தாள் நட்டம்.

சுருக்கினேன்.
தொண்ணூறு. எண்பத்தைந்து.
எண்பத்திரண்டில் எல்லாம் உள்ளே வந்தன:
தலைப்பு, ஆண்டு, மாடுகள்,
கீழே நுளம்புக் கால் அளவு எழுத்தில்
நொச்சியடிக்குளம்.

கண்ணாடியைக் கழற்றித் தாளின்மேல் பிடித்தார்.
"ஏறக்குறைய முப்பத்தாறு பேர்."
நிமிர்ந்தார். "ஏறக்குறையவோ?"
பிறகு விரல் மடக்கத் தொடங்கினார்.
இரண்டு கையும் முடிந்து, திரும்பவும் முதல் கை.
"பிள்ளையளையும் சேர்த்தோ, சேர்க்காமலோ?"
யாரைக் கேட்டார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் நான்
ஒருநாளும் செய்யாததைச் செய்தேன்.
அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.
அது வேறொரு குளம்.

கச்சேரிக்கு ஒன்று, அப்புக்காத்துக்கு ஒன்று,
சமாதான நீதவானின் முத்திரைக்கு ஒன்று.
படி இறங்கியவர் திரும்பி வந்து
இன்னுமொன்று கேட்டார். எதற்கென்று சொல்லவில்லை.
நஸ்லியா புத்தகத்தை மூடி
மணியைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

கடை பூட்டும்போது
பிழைத்த மூன்று தாளும் மேசையில்.
தலைப்பில்லாததும் ஆண்டில்லாததும்
லாச்சிக்குள் போயின.
ஊர் வெட்டுப்பட்டதை மட்டும் வாசலில் போட்டேன்.

கொம்பன் மணந்து பார்த்தான்.
மாடுகளின் எண்ணிக்கையிலிருந்து தொடங்கினான்.