கீறல் இல்லை

"கீறல் இல்லை" என்று எழுதியிருந்தார்.
உண்மைதான், இல்லை.

பதினோராயிரத்து ஐந்நூறு.
குடியாத்தத்துக்குக் கூரியரில் வந்த பெட்டிக்குள்
பழைய லுங்கித் துணி சுற்றிய ஐம்பது எம்எம்.
முதல் முகூர்த்தம் பேர்ணாம்பட்டில்.
மேடைக்குப் பின்னால் சீரியல் விளக்குத் தோரணம்.
எடுத்த படம் அத்தனையிலும்
கொதிக்கிற பாலின் ஆவி படிந்த மாதிரி ஒரு வெளுப்பு.
வியர்வை என்று நினைத்து
முந்தானையால் துடைத்தேன், நான், ஸ்டூடியோக்காரி.
ராத்திரிதான் செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் வைத்து
ஒற்றைக் கண்ணால் பார்த்தேன்.

உள்ளே இரண்டாம் கண்ணாடியில்
வேர் விட்டிருந்தது பூஞ்சை.
ஆகாயத்திலிருந்து பாலாறு இப்படித்தான் தெரியும் போல,
தண்ணீரே இல்லாமல் கிளை கிளையாக.

ஒன்பது நாள் வாட்ஸ்அப்.
அனுப்பும்போது நல்லாதான் இருந்தது, என்றார்.
பூஞ்சை கூரியரில் ஏறி வராது, என்றேன்.
கீறல் இல்லைன்னுதான் போட்டேன்,
பூஞ்சை இல்லைன்னு போடலையே.
அதற்கு அனுப்ப நினைத்த வார்த்தையை
மூன்று முறை தட்டி மூன்று முறை அழித்தேன்.
பத்தாம் நாள் அவராகவே:
காட்பாடி ஸ்டேஷன். ஞாயிறு நாலரை. லென்ஸோட வாங்க.

கறுப்புக் கண்ணாடி, தங்கச் செயின் என்று
மனசுக்குள் ஓர் ஆளை வரைந்து வைத்திருந்தேன்.
வந்தவர் தேவசகாயம் ரூபன்.
பாகாயத்தில் லேப் டெக்னீஷியன்.
பள்ளிக்கூடப் பை தோளில்,
டியூஷன் போக மறுக்கும் மகள் கையில்.

வாங்கிப் பேனா டார்ச் அடித்தார்.
நாளெல்லாம் சளியில் கிருமி தேடுகிற கண்.
ஒரு நொடி போதுமாயிருந்தது.
காது சிவந்துவிட்டது அவருக்கு.

"எனக்கு வித்தவரு எழுதினதை
அப்படியே எடுத்துப் போட்டேங்க.
டார்ச் அடிச்சுப் பாக்கல.
பாக்க வேணாம்னு தோணிச்சு."

அந்தக் கடைசி வரியை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.
சொன்னதால்
பஸ்ஸில் நான் தயாரித்து வந்த பேச்சில்
பாதி வீணாயிற்று.

மீதிப் பாதியால் சண்டை போட்டேன்.
மூவாயிரம் தர்றேன் என்றார். முழுசும் என்றேன்.
ஜோலார்பேட்டைப் பக்கம் போகிற வண்டியொன்று
எங்கள் தொகைகளின்மேல் கூவிக்கொண்டு போனது.
மகள் லென்ஸைக் கை நீட்டிப் பிடித்து
"அப்பா, ரயில் தலைகீழா ஓடுது" என்றாள்.

எழுதுங்க, என்றேன். புதுசா. என் முன்னாடி.

ரஃப் நோட்டில் ஒரு பக்கம் கிழித்து எழுதினார்:
ஐம்பது எம்எம். கீறல் இல்லை.
இரண்டாம் கண்ணாடியில் பூஞ்சை, மிளகு அளவு.
(சீரக அளவு என்றார். மறுபடி டார்ச். மிளகுதான்.)
எதிர் வெளிச்சத்தில் படம் வெளுக்கும்.
வளையம் மூன்றடி தாண்டினால் கரகரக்கும்.
எனக்குத் தெரியாத குறை அது, அவராகச் சேர்த்தார்.
ஒருமுறை முந்தானையால் துடைக்கப்பட்டது.
இது நானாகச் சேர்த்தது.

இதற்கு என்ன விலை போடலாம்?
இரண்டு பேரும் ஒரே சமயத்தில்
ஐயாயிரம் என்றோம்.
ஆறாயிரத்து ஐந்நூறு என் போனில் வந்து விழுந்தது.
லென்ஸ் என்னிடமே.
மகள் டியூஷனுக்குப் போகவில்லை.

ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரை அணைக்காமல் போயிருந்தேன்.
திரையில் ராணிப்பேட்டை மாப்பிள்ளை,
தோல் கம்பெனிக் கணக்கர்.
புருவத்துக்கு மேலே பிறை மாதிரித் தழும்பு.
"ஜாதகத்தோட போற போட்டோ, எடுத்துடும்மா" என்றிருந்தார் அவர் அம்மா.
பாதி எடுத்து வைத்திருந்தேன்.
பாதித் தழும்பு முழுத் தழும்பைவிட
ஏதோ நடந்த மாதிரி இருந்தது.
ஒவ்வொரு படியாகப் பின்னால் போனேன்.
பிறை வளர்ந்து பழைய இடத்துக்கு வந்தது.

போன் அடிக்கிறது.
"முடிஞ்சுதாம்மா?"