மேலது

தார்த்து நகரில் மே மாதக் கடைசி வாரம்.
ஆய்வேடுகளின் பின்பக்கங்களை மட்டும் படிப்பதற்கு
பல்கலைக்கழகம் எனக்குச் சம்பளம் தருகிறது.
முன்பக்கத்தில் யாருக்கெல்லாம் நன்றி சொன்னார்கள்,
நடுவில் எதைக் கண்டுபிடித்தார்கள்,
எனக்குத் தெரியாது.
இதழின் பெயர் சாய்ந்து நிற்கிறதா,
ஆண்டு அடைப்புக்குள் அடங்கியிருக்கிறதா,
காற்புள்ளிக்குப் பின் மூச்சுவிட இடம் உண்டா,
அவ்வளவுதான்.
குடும்பப் பெயரைப் பின்னால் தள்ளிவிட்ட பையன்கள்
என்னைக் கண்டால் சாலையைக் கடந்துவிடுகிறார்கள்.

கெர்த்து வந்தபோது மணி ஐந்தேகால்.
ரப்பர் காலணியில் சதுப்பின் கருஞ்சேறு.
அவள் பட்டியலில் நாற்பத்தொன்று;
நாற்பது பழுதில்லை.
ஒன்றை மட்டும் பென்சிலால் வட்டமிட்டிருந்தேன்.
கூர்னா சதுப்பின் ஆழம் 9.0 மீட்டர்.
பிஹ்லாக், 2011. பக்க எண் இல்லை.

‘பிஹ்லாக்கைத் திறந்து பார்த்தாயா?’
‘இல்லை. அவரைச் சொன்னவரைப் பார்த்தேன்.’
‘அப்படியென்றால் சொன்னவர் பெயரையும் எழுது.
போகாத வீட்டுக்கு வழி சொல்லாதே.’

கோபமாகத்தான் போனாள். கதவு அதைச் சொன்னது.

மூன்று நாள் கழித்து, நகல்களோடு வந்தாள்.
பிஹ்லாக், வோல்மாவைக் காட்டுகிறார்.
வோல்மாவின் அடிக்குறிப்பில்: மேலது.
அதற்கு முந்தையதில்: மேலது.
அதற்கும் முந்தையதில்: மேலது, ப. 40.
மேலது மேலது என்று
எல்லா விரலும் கீழேயே நீண்டன,
துளைக்குழாய் இறங்குவதைப் போல,
அடுக்குக்கு அடுக்கு பழசாகி.
காசிக், 1961. ஒரு வரைபடம்.
வரைபடத்தின் காலடியில் ஓர் அறிக்கை, 1934.

அறிக்கை நிலவறையில் இருந்தது, சணல் கயிற்றில்.
பதினேழாம் பக்கம்.
‘ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இருக்கலாம் என்று
எங்களுக்குப் பாதை காட்டிய பெண் சொன்னாள்.
கம்பு விட்டுப் பார்த்தாளாம்.’

நாங்கள் இருவரும் நகல்களை மேசையில் பரப்பினோம்.
அறுபத்தொன்றில் ‘ஏறத்தாழ’ உதிர்ந்திருந்தது.
எண்பத்தெட்டில் அந்தப் பெண்ணும் அவள் கம்பும்.
‘இருக்கலாம்’ எங்கே போனதென்று
கடைசிவரை தெரியவில்லை.
இரண்டாயிரத்துப் பதினொன்றில்
ஒன்பதுக்குப் பின்னால் ஒரு புள்ளியும் சுழியமும்
புதுச்சட்டை போட்டுக்கொண்டு நின்றன.

‘நானும் அளந்தேன்,’ என்றாள்.
‘ஆறு மீட்டர் நாற்பதில் களிமண் தட்டியது.’
பொய் சொன்னாளா அந்தப் பெண்?
இல்லை, இடையில் யாரோ வெட்டிய வாய்க்காலில்
நீர் வடிந்து சதுப்பு தாழ்ந்துவிட்டதா?
அவள் நின்ற இடம் வேறா?
கெர்த்து தோளைக் குலுக்கினாள்.
எனக்கு அந்தத் தோள்குலுக்கல் பிடித்திருந்தது.

பிறகு கேட்டாள்:
‘இவளைப் பட்டியலில் எந்த எழுத்தின் கீழ் வைப்பது?’

விதிநூலைப் புரட்டினேன்.
வாய்ச்சொல் பட்டியலில் ஏறாது.
தேடிப்போகிறவர் கையில் எடுக்க
அங்கே ஒன்றுமில்லை என்பது காரணம்.
நியாயமான விதிதான்.
இருபத்தேழு வருடமாக நானே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.
அன்றைக்கு மட்டும்
தொண்டையில் முள் மாதிரி நின்றது.

அவளே ஒரு வழி கண்டாள்.
அறிக்கையைப் பட்டியலில் வைத்தாள், பக்க எண்ணோடு,
தன் கையால் திறந்தது என்பதால்.
பிஹ்லாக்கை எடுத்துவிட்டாள்.
பெண்ணை வாக்கியத்துக்குள்ளேயே நடக்கவிட்டாள்:
‘ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இருக்கலாம் என்று
பாதை காட்டிய ஒரு பெண் சொல்லியிருக்கிறாள்.
பெயர் பதியப்படவில்லை.
கம்பின் நீளமும் தெரியவில்லை.
எனது அளவு 6.4.’

திருத்த ஒன்றும் கிடைக்கவில்லை எனக்கு.
பென்சிலைச் சும்மா சீவிக்கொண்டிருந்தேன்.

அவள் போன பின்
அலமாரியின் அடித்தட்டிலிருந்து
என் ஆய்வேட்டை எடுத்தேன், 1996.
பின்பக்கம். மூன்றாம் பதிவு.
அந்த நூலை நான் இன்றுவரை திறந்ததில்லை.

காற்புள்ளிகள் எல்லாம் சரியாக இருந்தன.