முப்பத்து மூன்றும் மூன்றில் ஒன்றும்

கூலிப் பாக்கி இரண்டாயிரத்து எண்ணூறு.
பணமாகத் தர ஒன்றுமில்லை என்று
தறிகளை எடைக்குப் போட்ட அன்று
ஒரு பெட்டி இசைத்தட்டைத் தூக்கிக் கொடுத்தார்
சென்னியப்ப முதலாளி.
பதினேழு தட்டு.
நாலுக்கு உறையில்லை, ஒன்றுக்குப் பேரே இல்லை.
எட்டு மாதமாகக் கட்டிலடியில் கிடந்தது
என் சம்பளம்,
கேட்க வழியில்லாமல்.

"நாலாயிரம். பஸ்ஸுக்கும் சேத்துத்தான்.
மேல ஒரு ரூவா ஆச்சுன்னாலும்
அதைய வாசல்லயே வெச்சுக் கேட்டுக்கங்க"
என்றாள் கோகிலவாணி,
சீட்டுப் பணத்தை இரண்டு தரம் எண்ணி.

சோமனூரில் ஏறி சிங்காநல்லூரில் மாறி
உக்கடத்தில் இறங்கினேன்,
பேரில்லாத தட்டை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு.

ஜபருல்லா கடையில்
மிக்சிகளுக்கும் தையல் மிஷின்களுக்கும் நடுவே
மூன்று இருந்தன.

ஒன்று சூட்கேஸ் மாதிரி, ரோஸ் கலர், புதுசு போல.
தூக்கினால் தக்கை.
கனமில்லாத எதுவும் நிதானமாய்ச் சுற்றாது.
ஊசி இறங்கிய விதமோ
தட்டைக் கேட்க வந்ததாய்த் தெரியவில்லை,
உழ வந்தது போலிருந்தது.

அடுத்தது வெள்ளி நிறம், ஜப்பான்காரன் செய்தது.
பதினோராயிரம்.
தொட்டுப் பார்க்கக் காசு கேட்கவில்லை,
தொட்டுப் பார்த்தேன்.

மூன்றாவது மரப்பெட்டி,
கண்ணாடி மூடியில் விரிசல், ஐயாயிரத்து ஐநூறு.
சுழல்தட்டைக் கழற்றி
நடு அச்சை இரு விரலால் ஆட்டினேன்.
இருபத்திரண்டு வருஷம் தறி பிட்டர் நான்.
தேய்ந்த புஷ் என் விரலிடம் பொய் சொல்லாது.
ஆட்டமில்லை. காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.
பெல்ட்தான்
பழைய ஜட்டி எலாஸ்டிக் மாதிரித் தொய்ந்திருந்தது.

சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் நாற்பதாம் நம்பர் நூலில்
ஒரு துண்டு கிள்ளி
எச்சில் தொட்டு ஓரத்தில் ஒட்டினேன்.
"என்ன பண்றீங்க?"
"எண்றேனுங்க பாய்."
கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம்: முப்பத்தொன்று.
மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்றேதான்.
"ரெண்டு சுத்துக் கம்மிங்க. வெலையும் கம்மியாகோணும்."

என் தட்டைப் போட்டார்.
யாரோ ஒரு பெண் பாடினாள்,
இரண்டு சுற்றுக் குறைவில்
அவளுக்குச் சளி பிடித்திருந்தது.
ஆனாலும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஜபருல்லாவே பாட்டை நிறுத்தினார்.
"சொல்லாம விக்க மனசில்லீங்க.
வலப்பக்கம் சத்தமே வரல பாருங்க,
உள்ளுக்குள்ளயே கம்பி அத்துப்போச்சு."

என் வலது காது போய் ஆறு வருஷம்.
தறிக்கு எந்தப் பக்கம் காட்டி நின்றேனோ
அந்தப் பக்கம்.

அதை நான் சொல்லவில்லை.
பெரிய நஷ்டம் வந்தவன் போல
முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.
மூவாயிரத்து எண்ணூறுக்கு இறங்கினார்.
புதுப் பெல்ட் நூற்றுஅறுபது.
பஸ்ஸுக்கு நாற்பது.

அவர் சொன்னார், நான் சொல்லவில்லை.
கருமத்தம்பட்டி வரும்வரை
மடியில் அதுவும் சேர்ந்து கனத்தது.

ராத்திரி ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய்.
பெல்ட் மாட்டி மறுபடி நூல் ஒட்டினேன்.
முப்பத்து மூன்று முடிந்து
நூல் இன்னும் மூன்றில் ஒரு பங்கு தூரம் போனபோது
நிமிஷம் தீர்ந்தது.
தறியில்கூட இத்தனை சுத்தமாய் எதுவும்
எனக்கு அமைந்ததில்லை.

டேப் செட்டின் ஸ்பீக்கர்கள் இரண்டையும் இழுத்து வைத்தேன்.
சளி போன பெண் பாடத் தொடங்கினாள்.
எதிரே வந்து உட்கார்ந்த கோகிலவாணி
வலப்பக்கப் பெட்டிமேல் காதை வைத்தாள்.
"இது ஊமையா?"
"அதுக்குத்தான் வெலை கொறைச்சான்."

என்னைப் பார்த்தாள். என் காதைப் பார்த்தாள்.
எழுந்து
பாடுகிற பெட்டியைத் தூக்கி
இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"எத்தன கொறைச்சீங்க?"
"ஆயிரத்து எழுநூறு."

"பாவம் அந்தாளு" என்றாள்.
கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு,
"திருப்பிப் போடுங்க, அந்தப் பக்கம் என்ன இருக்குதுன்னு பாக்கலாம்."