தட்டு மறையும் ஆழம்

தரவுத் திட்டப் படிவத்தில் பதினான்காம் கேள்வி:
இதற்கு யார் பொறுப்பு?
மூன்று வாரமாக அந்தக் கட்டம் காலி.
மற்றதெல்லாம் நிரப்பியாயிற்று.
மூன்று பிரதிகள்: ஒன்று தார்த்துவில், ஒன்று தல்லினில்,
ஒன்று நிலையத்தின் இரும்பு அலமாரியில்.
கோப்பின் பெயரில் தேதி முன்னால் வரவேண்டும்.
'கடைசி', 'நிஜமாகவே கடைசி', 'உர்மோ பார்த்த கடைசி'
என்று இனி யாரும் பெயர் வைக்கக் கூடாது.

ஜன்னலுக்கு அப்பால் ஏரி
படிவம் எதிலும் அடங்காமல் உறைந்து கிடக்கிறது.

நாற்பது ஆண்டுகளாக இங்கே நடந்தது இவ்வளவுதான்:
படகை நடு ஏரியில் நிறுத்துவார்கள்,
வெள்ளைத் தட்டொன்றைக் கயிற்றில் இறக்குவார்கள்,
தட்டு கண்ணுக்கு மறையும் இடத்தில்
கயிற்றைப் பிடித்து அளப்பார்கள்.
அந்த எண்தான் நீரின் தெளிவு.
பனி உடைந்த நாள் முதல் பனி மூடும்வரை
இரண்டு வாரத்துக்கு ஒன்று.

முதல் நாள் சராசரி போட்டேன்.
மைனஸ் பதினெட்டு மீட்டர்.
தண்ணீருக்கு மேலே, பைன் மரத்து உச்சியில் எங்கோ
தட்டு மறைந்திருந்தது.
அளக்காத நாளுக்கு மைனஸ் தொண்ணூற்றொன்பது
என்று யாரோ போட்டுவைத்த வழக்கம்.
யாரோ. அதை எங்கும் எழுதிவைக்காத யாரோ.

உர்மோவுக்குச் சிரிப்பு வரவில்லை.
அவன் கட்டுரை தயாராக இருந்தது:
எண்பத்தொன்பதில் மங்கத் தொடங்கிய ஏரி
தொண்ணூற்றாறு மே மாதம் சட்டெனத் தெளிந்தது.
கூட்டுப் பண்ணை மூடியது, உரம் நின்றது,
நீர் சில வருடம் யோசித்துவிட்டுப் பிழைத்துக்கொண்டது.
சரிந்து சரிந்து, செங்குத்தாய் எழும் கோடு.
எனக்கும் பிடித்திருந்தது அந்தக் கோடு.

அட்டவணையின் ஓரத்தில் ஒரு நெடுவரிசை.
தலைப்பு ஒரே எழுத்து: 'வி'.
கீழே ஒன்று, ஒன்று, ஒன்று, காலி, ஒன்று.
"குப்பை, நீக்கிவிடு" என்றான்.

நீக்கும் முன் அலமாரியைத் திறந்தேன்.
நனைந்து காய்ந்த குறிப்பேடுகள்,
பென்சில் எழுத்து, ஒவ்வொரு பக்கத்தடியிலும்
விர்வே கல்லாஸ்தே.
காலி வந்ததெல்லாம் ஜூலையில்,
விர்வே விடுமுறையில் போன வாரங்கள்.
அந்த வாரங்களில் மட்டும், எல்லா ஆண்டும்,
ஏரி தெளிவாக இருந்திருக்கிறது.

வில்யாண்டிக்குத் தொலைபேசியில் அழைத்தேன்.
தொண்ணூற்றாறு வசந்தத்தில் என்ன நடந்தது?
நெடுநேரம் சத்தமில்லை. பின்னணியில் ஒரு நாய்.
"கண்புரை. அறுவை செய்துகொண்டேன்.
அதுவரை ஏரிதான் கெட்டுப்போகிறது என்றிருந்தேன்.
பிறகு தெரிந்தது. சொன்னால்
படகிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று பயம்."

உர்மோ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.
பிறகு வந்து, ஒரு பெருக்கல் எண் கண்டுபிடித்து
ஏழு வருடத்தையும் திருத்திவிடலாம் என்றான்.
வேண்டாம். மூலத்தில் கை வைக்காதே.
அன்று அந்தக் கண்ணுக்குத் தட்டு
அங்கேதான் மறைந்தது. அது பொய்யில்லை.
பக்கத்தில் ஒரு குறிப்பு போதும்.

ஆனால் என்ன குறிப்பு?
உலகில் எவரும் இறக்கிக்கொள்ளப் போகிற கோப்பில்
ஒருத்தியின் நோயை எழுத நான் யார்?
'பார்வையாளர் நிலையில் மாற்றம்' என்று
மழுப்பலாக ஒரு வரி எழுதி அவருக்கு அனுப்பினேன்.
பிடிக்காவிட்டால் அதுவும் வேண்டாம் என்றேன்.

நான்காம் நாள் அழைப்பு வந்தது.
"பெயர் வேண்டாம். புரை என்று எழுதிக்கொள்.
ஆனால் தேதியைச் சரியாகப் போடு:
வலது கண் ஏப்ரல் பதினொன்று,
இடது மே ஒன்பது.
நடுவில் இரண்டு முறை ஒற்றைக் கண்ணால் அளந்தேன்.
அந்த இரண்டையும் தனியாகக் குறி."

குறித்தேன். 'வி'யை 'அளந்தவர் ஒன்று' ஆக்கினேன்.
பதினான்காம் கட்டத்தில் என் பெயரை எழுதி,
பக்கத்தில் என் மூக்குக் கண்ணாடியின் பவரையும் எழுதினேன்.
அந்தக் கட்டம் எண்களை ஏற்காது என்றது கணினி.
விளக்கக் கோப்பின் கடைசி வரியில் சேர்த்திருக்கிறேன்,
தேதியோடு.